சினைப்பசுவின் விலை

மல்லாவி மாட்டு ஏலத்தில், ஒரு பெண் கொண்டுவந்த வயதான பசுவின் வயிற்றை வியாபாரி தடவினான். "இது மலடு, அக்கா. இறைச்சிக்குத்தான் சரி" என்றான். நான் கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் சிறுவயதில், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எங்கள் சிவலைப் பசுவையும் ஒருவன் இப்படிச் சொல்லித்தான் அடிமாட்டு விலைக்கு எடுத்தான். "அது சினை, தம்பி" என்று அம்மா சொன்னதை ஏலத்தில் ஒருவரும் காதில் வாங்கவில்லை. மாரி தொடங்கியபோது அவன் வீட்டு வளவில் சிவலை கன்றை நக்கிக்கொண்டு நின்றது. "பால் வேணுமெண்டால் வாங்குங்கோ அக்கா" என்று அவன் சிரித்தான். அம்மா வேலியைப் பிடித்தபடி கன்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கூட்டத்தை விலக்கிப் போய், வியாபாரியின் கையைப் பிடித்துப் பசுவின் வலது விலாவுக்குக் கீழே அழுத்தினேன். உள்ளே கன்று உதைத்தது.

"எல்லாருக்கும் கேக்கச் சொல்லு, இது மலடோ?"

அவன் கையை இழுத்துக்கொண்டான். பின்னாலிருந்து ஒருவர் விலையை ஏற்றிக் கேட்டார்.