ஒரு கிழமைக்கு மட்டும் அந்தோனியார்

செவ்வாய்க்கிழமைச் செபத்துக்கு வரும் உங்கள் எல்லோருக்கும் திரேசாக்காவைத் தெரியும். அவர் இறந்த செய்தியை ஸ்டுட்கார்ட்டிலிருந்து அவர் மகன் தொலைபேசியில் சொன்னபோது, என் கண் போனது அலுமாரிமேல் இருந்த அந்தோனியார் சுரூபத்துக்குத்தான். செவ்வாய்க்குச் செவ்வாய் வீடு மாறும் அது, அந்தக் கிழமை என் வீட்டு முறை.

மன்னாரில் போர் வந்து செல்லடி தொடங்கியபோது ஊர்ச் சிற்றாலயத்திலிருந்து அந்தச் சுரூபத்தைத் துவாயில் சுற்றிக்கொண்டு வள்ளமேறியவர் அவர். ஜேர்மனிக்கு வந்தபின் வீடு வீடாகச் செபத்துக்கு அனுப்பினார். அதன் வலது பாதத்தை முத்தமிட்டுத்தான் செபம் தொடங்குவோம். ஒரு கிழமைக்கு மேல் ஒருவரிடமும் விடமாட்டார். தன் முறை முடிந்தால் தானும் கொடுத்துவிடுவார். ஏன் என்று கேட்டேன்.

"கனநாள் இருந்தால் தங்கடை எண்டு நினைச்சுப்போடுவினம். நானும் அப்பிடித்தான்."

அக்கா லேசில் யாரையும் நம்பமாட்டார், அதை மறைப்பானேன்? பங்குக் குழு சுரூபத்துக்குக் கண்ணாடிப்பெட்டி செய்து தர முன்வந்தபோது, பெட்டியைப் பூட்டினால் திறப்பு யாரிடம் இருக்கும் என்று கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

பிறகு பக்கத்து நகர அருங்காட்சியகம் ஒன்று, அகதிகள் கொண்டுவந்த பொருட்களின் கண்காட்சிக்கு ஆறு மாதம் சுரூபத்தை இரவலாகக் கேட்டது. எனக்கு ஒரே பெருமை. சுரூபத்தோடு போன அக்காவுக்கு மொழிபெயர்க்க நானும் போனேன். உரிமையாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அக்கா மறுத்தார்.

"இது ஊர்ச் சனத்தின்ரை. நான் வைச்சிருக்கிறன், அவ்வளவுதான்."

ஊர்ச் சனம் எங்கே என்று அதிகாரி கேட்டார். சிதறிப்போனார்கள் என்றேன். அப்படியானால் உரிமை கோர ஆளில்லை, அருங்காட்சியகமே நிரந்தரமாகப் பாதுகாக்கலாமே என்றார், மிக மரியாதையாக. நான் அதைச் சொன்னதும் அக்கா என்னையும் சேர்த்துச் சந்தேகமாகப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது.

அதற்குள் பழம்பொருட்களைச் சீர்செய்யும் பெண் கையுறையோடு வந்தாள். வலது பாதத்தில் நிறம் போயிருக்கிறது, சேதம், இலவசமாகவே பூசித் தருகிறோம் என்றாள். நான் சொல்லி முடிக்குமுன் அக்கா சுரூபத்தைச் சுற்றத் துவாயை எடுத்துவிட்டார்.

"அது சேதமில்லைத் தம்பி. சனம் கொஞ்சிக் கொஞ்சித் தேய்ஞ்சது. அதுக்குமேலை பூசினால் பிறகு ஊர் எங்கை இருக்கு? ஏலாது எண்டு சொல்லு."

சொன்னேன். திரும்பி வரும்போது ரயிலில், அவர்கள் நல்ல மனிதர்கள், இவ்வளவு சந்தேகம் கூடாது என்று சிடுசிடுத்தேன். நல்ல சனத்திட்டைத்தான் கூடக் கவனமாக இருக்கவேணும், கள்ளனை எங்களுக்குத் தெரியும்தானே என்றார். அன்று அது எனக்கு வீம்பாகவே பட்டது.

அடக்கம் முடிந்து செவ்வாய் வந்தது. சுரூபத்தை அக்காவின் ஞாபகமாக நீயே வைத்துக்கொள் என்று உங்களில் சிலர் சொன்னீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள். எனக்கும் ஆசை வந்தது. யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்றும் நினைத்தேன். நினைத்த மறுகணம் எனக்கு என்னையே நம்பமுடியவில்லை. அக்கா விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்த நம்பிக்கையீனம்தான்.

நிறம் போன பாதத்தை முத்தமிட்டு, துவாயில் சுற்றி, அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வரும் செவ்வாய் அங்கிருந்து எந்த வீட்டுக்குப் போகிறது என்று கேட்டு அறிந்துகொண்டுதான் படியிறங்கினேன்.