பட்டியலில் இல்லாத மரியதாஸ் அண்ணை

வாடைக்காற்று தொடங்கினால் கடனீரேரி நண்டுகள் எந்தப் பக்கம் நகரும் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினேன். அதை எனக்குச் சொல்லித்தந்தவர் குருநகரில் கடற்றொழில் செய்யும் மரியதாஸ் அண்ணை. சஞ்சிகைக்கு அனுப்புமுன் உசாத்துணைப் பட்டியலை ஒழுங்குபடுத்தியபோது, அச்சில் வராத பேச்சுக்குப் பட்டியலில் இடமில்லை என்ற விதியைக் கண்டேன். கட்டுரையிலும் அவர் பெயரை வெட்டி, 'உள்ளூர் மீனவர் ஒருவர்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இந்தத் தகவல் ஏற்கெனவே வெளிவந்துள்ளது, அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுங்கள் என்று மதிப்பீட்டாளர் பதில் போட்டார். தேடி வாசித்தேன். வெளியூர் ஆய்வாளர் ஒருவர் எழுதியது. அத்தனையும் அண்ணை எனக்குச் சொன்னவை. அவர் பெயர் எங்குமே இல்லை.

கொதித்துக்கொண்டு குருநகருக்குப் போனேன். அண்ணை வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். அந்த ஆய்வாளரைத் தெரியுமா என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை, அவர் என்ரை வள்ளத்திலை நாலு நாள் வந்தவர்."

"உங்கடை பேரைப் போடேல்லையே அண்ணை."

"உம்மடை கட்டுரையிலை கிடக்கோ?"



நாலு நாள் வந்து எழுதியவருக்குப் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் உண்டு. சொல்லிக்கொடுத்தவர் வெறும் 'ஒருவர்'. இது என்ன விதி? ஆனாலும், கட்டுரைக்குள் பெயர் எழுதுவதை அந்த விதிகூடத் தடுக்கவில்லை. வேலை முடிந்தால் போதுமென்று வெட்டியது நான்தான்.

இப்போது தகவல் சொன்னவரிடம் சம்மதம் கேட்டு, தகவல் வரும் வரியிலேயே பெயரையும் ஊரையும் எழுதுகிறேன். சஞ்சிகை வெட்டச் சொன்னால் கட்டுரையைத் திருப்பி எடுத்துவிடுவேன்.

– ஆய்வு மாணவி, மானிப்பாய்