பெங்களூர் ஒன்றேகால் மணி நேரம்

அந்தக் காலத்தில் விமான டிக்கெட் எழுதும் குமாஸ்தாவிடம் உல்லாசமாக வந்தவர்கள் குறைவு. கையில் தந்தியோடு வந்தவர்களே அதிகம். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாற்பதுகளின் கடைசியில் தியாகராய நகர் ஏஜென்ட் ஆபீசில் எனக்கு அந்த உத்தியோகம்.

வாசல் போர்டு

'பெங்களூருக்கு ஒன்றேகால் மணி நேரம்' என்று எங்கள் வாசலில் போர்டு வைத்திருந்தோம். ஒரு மாலை மயிலாப்பூரிலிருந்து ஒரு தம்பதி ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். பெங்களூரில் படிக்கும் மகனுக்கு உடம்பு ரொம்ப மோசம் என்று தந்தி. மறுநாள் மத்தியானம்தான் விமானம்; இன்று ராத்திரி ரயில் ஏறினால் விடிந்ததும் போய்விடலாம் என்று சொன்னேன். கணவர் உடனே வண்டி பிடிக்கப் போனார். பையன் பிழைத்தானா என்பது எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் மட்டும் வாசலில் நின்று, "ஒண்ணேகால் மணின்னு போட்டிருக்கேள். எப்போ கிளம்பும்னும் சேர்த்துப் போடப்படாதா?" என்றாள்.

ஹைதராபாத் பாய்

பாண்டி பஜாரில் வளையல் கடை வைத்திருந்த பாய் ஒருவர். மகளை ஹைதராபாத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். அங்கே கலவரம் மூண்டு விமானம் நின்றுபோன சமயம், அவளுக்கு டைபாய்டு என்று செய்தி வந்தது. ரயிலும் ஒழுங்காக ஓடவில்லை. தினம் கடையைச் சாத்திவிட்டு வந்து கேட்பார். இல்லை என்பேன். ஒரு சலாம் போட்டுவிட்டுப் போவார்.

விமானம் மறுபடி விட்டதும் நானே ஆள் அனுப்பினேன். வந்து உட்கார்ந்தார். டிக்கெட் புத்தகத்தை விரித்தேன். அவர் அதைக் கையால் மூடினார். "ரெண்டு மணி தூரம்தானே சார். அது உசுரோட கீறப்போ போவ முடியல. இப்போ போயி இன்னா பண்றது?" என்றார்.

திருச்சிக்கு மேலே

என் முறையும் வந்தது. திருச்சியில் அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது என்று தெரிந்ததும், மானேஜர் காலியாக இருந்த சீட்டில் என்னை ஏற்றிவிட்டார். முதல் விமானப் பயணம். திருச்சியில் பேய்மழை. மேகத்துக்கு மேலேயே வட்டமிட்டோம். அதற்குக் கீழே எங்கேயோ அப்பா கிடந்தார். இறங்க வழியில்லாமல் மீனம்பாக்கத்துக்கே திரும்பினோம்.

அன்றிரவு ரயிலில் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காரியங்கள் ஆகி வேலைக்குத் திரும்பியதும், மீனம்பாக்கத்தில் பெட்டிகளை எடை போடும் நாயுடு என்னைத் தேடி வந்தார். கிளம்பும்போது தோளைத் தொட்டு, "நீ போய்த்தான் இருந்தே நைனா. எறங்கத்தான் முடியல," என்றார்.

இன்றைக்கும் யாராவது விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று விசாரித்தால், எந்த ஊருக்கு என்று கேட்பதற்கு முன்னால் யாருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.