போலிக் காசோலையும் என் புகாரும்

இன்று தி.நகரில், எங்கள் தையல் கடையின் கணக்கு இருக்கும் வங்கிக்குப் போனேன். யாரோ ஒரு காசோலையில் என் கையெழுத்தைப் போட்டுப் பணம் எடுத்துவிட்டார்கள். தைப்பவர்களுக்கு நாளை கொடுக்க வேண்டிய சம்பளம் அது.

மேலாளர் காசோலையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அச்சு அசலா உங்க கையெழுத்துதான் மேடம். பேங்க் என்ன பண்ணும்?"

"நான் போடலையே சார். போடாத கையெழுத்துக்குப் பணம் குடுத்தது நீங்க. நீங்கதான் திருப்பித் தரணும்."

"புகார் எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்."

எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு அதை என்னிடமே நீட்டினாள்.

"கையெழுத்து ஒத்துவரல மேடம். சரியா போடுங்க."

மறுபடி போட்டேன். அதுவும் தேறவில்லை.

அந்தத் திருடனைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். புகாரில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.