கடவுளுக்கு முழங்கால் உண்டா?

நூர் பீவியின் இணையக் கடைக் கண்ணாடிக் கதவைத் தள்ளுவதற்கு முன் விநாசித்தம்பி ஒரு காரியம் செய்வார். வலது கைப் பெருவிரலை நெற்றியில் வைத்து, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. மூன்று கோடு திருநீறும் போய்விடும். விரலில் ஒட்டியதை வீணாக்காமல் பின்கழுத்தில் தடவிக்கொள்வார். உள்ளே ஒரு மணி நேரம். வெளியே வந்ததும் சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து, வாசலில் யாரோ நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிளின் கண்ணாடிக்குக் குனிந்து, மறுபடியும் மூன்று கோடு.

“அங்கிள், அமெரிக்காக்காரனுக்கு உங்க நெத்தி தெரியாது லா. வெறும் எழுத்துதான் போவுது” என்று நூர் பீவி ஆரம்பத்திலேயே சொல்லிப் பார்த்தாள்.

“தெரியாது எண்டு எனக்கும் தெரியும் பிள்ளை. கிறிஸ்தவ வேதக்காரர் கூடியிருக்கிற இடம். சபைக்குப் போகேக்கை ஒரு மரியாதை வேணும்.”

பினாங்குத் தீவின் கெலுகோரில் பல்கலைக்கழக மாணவர்களை நம்பி வைத்த கடை அது. ஏழு கணினி. ஆறில் பையன்கள் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருப்பார்கள். ஏழாவதில், குளிரூட்டியின் காற்று முதுகில் படாத மூலையில், அறுபத்தெட்டு வயது விநாசித்தம்பி உட்கார்ந்து பரிசுத்த ஆவியைப் பற்றி ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருப்பார். முப்பத்தாறு வருடம் அரசாங்க அலுவலகத்தில் கடிதம் எழுதிய கை. இணையத்துக்கு வந்தும் அது மாறவில்லை. அமெரிக்காவில் ஒருவன் “அட போய்யா” என்கிற தோரணையில் நாலு சொல் எழுதினால், இவர், “தங்களது பதினான்காம் தேதியச் செய்தி கிடைக்கப்பெற்றது. அதில் முதலாவது சொல் தொடர்பாக” என்று பதில் தொடங்குவார்.

அவர் போய்ச் சேர்ந்தது மொர்மன்களும் மற்றக் கிறிஸ்தவர்களும் மல்லுக்கட்டும் ஒரு விவாத மன்றம். மொர்மன் சபை அமெரிக்காவில் தோன்றியது. தாங்களும் கிறிஸ்தவர்களே என்பது அவர்கள் கட்சி. மற்றச் சபைக்காரர் பலர் ஒப்புக்கொள்வதில்லை. அந்த ஒப்புக்கொள்ளாமைதான் மன்றத்தின் முழுநேரத் தொழில். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்த மனிதருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். தாத்தா எந்தக் கப்பலில் பினாங்குக்கு வந்தார் என்று தேடப் போனார். வம்சாவளி திரட்டுவதில் மொர்மன்களுக்கு இணை இல்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தாத்தா கிடைக்கவில்லை. சண்டை கிடைத்தது.

‘பினாங்கு யாத்ரீகன்’ என்று பெயர் வைத்துக்கொண்டு மொர்மன்கள் பக்கம் சேர்ந்தார். பிதாவாகிய கடவுளுக்குச் சதையும் எலும்புமான உடம்பு உண்டு என்பது அவர்கள் கொள்கை. ஆவியாய் இருப்பவருக்கு உடம்பு ஏது என்பது எதிர்க்கட்சி. இரண்டு வாரம் மேற்கோளாகப் பறந்தபின் விநாசித்தம்பி நுழைந்தார்: “கடவுளுக்கு முழங்கால் இருந்தால்தான் என் முழங்கால் வலி அவருக்குப் புரியும். இல்லாதவரிடம் நான் மனுக் கொடுத்து என்ன பயன்?” மொர்மன்களின் தாயகமான யூட்டாவில் இருந்து ஏழு பேர் பாராட்டி எழுதினார்கள். ஐடஹோவில் இருந்து ஒரு கிழவி உருளைக்கிழங்குப் பணியாரம் ஒன்றின் செய்முறையை அனுப்பினாள். அன்றிலிருந்து அவர் அவர்களுக்குச் ‘சகோதரர் யாத்ரீகன்’.

கோயிலில் முறைப்படி முத்திரையிட்ட திருமணம் மரணத்துக்குப் பிறகும் தொடரும் என்பது மொர்மன் நம்பிக்கை. அதை வீட்டில் போய் மனைவி நல்லம்மாவிடம் சொன்னார்.

“செத்தாப் பிறகும் புருஷன் பெண்சாதிதானாம்.”

நல்லம்மா சட்டுவத்தைக் கீழே வைத்தாள். “இஞ்சாருங்கோ, அங்கயும் நான்தான் தோசை சுடோணுமோ?”

மறுநாள் மன்றத்தில், ‘மறுமையில் சமையல்: ஒரு விளக்கம் கோரல்’ என்ற தலைப்பில் கடிதம் ஏறியது. மூன்று மொர்மன்கள் மிகுந்த பொறுப்போடு பதில் எழுதினார்கள். நான்காவது பதில் எதிர்க்கட்சியின் ‘காவற்காரன்’ எழுதியது: “பரலோகத்தில் கொள்வனை கொடுப்பனை, அதாவது கலியாணம், கிடையாது. தங்கள் மனைவியார் அதற்காகத் தேவனைத் துதிக்கட்டும். வாதத்துக்குப் பத்துக்கு இரண்டு.”

அந்தக் காவற்காரனுக்காகத்தான் விநாசித்தம்பி நெற்றியை அழித்துக்கொண்டு வந்தார் என்பது வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தவள் நூர் பீவி ஒருத்தி.

உலகத்தில் எதிராளியின் வாதத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் மனிதர் பலர் இருக்கலாம். ஆனால் காவற்காரன் ஒருநாள், செத்தபின் மனம் திரும்புகிறவனைப் பற்றி, “கதவு மூடியபின் ஃபெரிக்கு ஓடி வருகிறவனைப் போல” என்று எழுதினான். பினாங்குத் தீவுக்கும் அக்கரைப் பட்டர்வொர்த்துக்கும் நடுவே ஃபெரிப் படகில் போய்வருகிறவன்தான் அப்படி எழுதுவான். விநாசித்தம்பி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்.

“பிள்ளை! இது எங்கட வாத்தியார். பட்டர்வொர்த்தில இருந்துகொண்டு எழுதுறான்!”

வாத்தியார் என்றால் தியாகராஜா. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சபையில் போதகர் இல்லாத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்கிறவர். விநாசித்தம்பியின் ஒரே தங்கை கமலாம்பிகையின் கணவர். கமலாம்பிகை அவரைக் கட்டிக்கொண்டு வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, போனவள். அதனால் இரண்டு வீட்டுக்கும் பெரிய மனஸ்தாபம் ஒன்றும் வரவில்லை. தீபாவளிக்கு அங்கிருந்து கேக் வரும். கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து முறுக்குப் போகும். ஆறு வருடத்துக்கு முன் அவள் இறந்தாள். போதகர் வருவதற்குள் விநாசித்தம்பி பெட்டிக்குள் கைவிட்டுத் தங்கையின் நெற்றியில் திருநீறு பூசினார். தியாகராஜா கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்தார். அன்றோடு பேச்சு நின்றது. நடுவில் இருந்தது ஃபெரியில் கால் மணி நேரத் தூரம்தான்.

இப்போது வாரம் நாலு தடவை பேச்சு நடக்கிறது. என்ன, அமெரிக்கா வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. யாத்ரீகன் யார் என்று வாத்தியாருக்குத் தெரியாதவரைதான் இது. தெரிந்த அன்றைக்கு மன்றத்தை விட்டே போய்விடுவார். மறுபடி ஆறு வருடம். இரண்டு பேருக்கும் இன்னொரு ஆறு வருடம் கையில் இருக்கிறதா என்பதும் சந்தேகம். அதனால் விநாசித்தம்பி மிகவும் கவனமாக இருந்தார். பெயரில் ஏற்கெனவே ஒட்டிவிட்ட பினாங்கை மாற்ற வழியில்லை; பினாங்குப் பேச்சு வந்தால் தவிர்த்தார். தேநீர், காப்பி இரண்டையும் சபைக் கட்டளைப்படி விட்டுவிட்டதாக ஒரு பொய்யும் எழுதிவைத்தார்.

கவனம் கெட்டது, இறந்தவர்களுக்கான ஞானஸ்நானத்தில். உயிரோடிருக்கும் ஒருவர் செத்துப்போனவருக்காகத் தாம் முழுக்கு வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள் மொர்மன்கள். செத்தவர் அதை ஏற்கலாம், மறுக்கலாம். அது அவர் சுதந்திரம். விநாசித்தம்பிக்கு இது மிக நியாயமான ஏற்பாடாகப் பட்டது. “விண்ணப்பம் போடுவது உறவினர் கடமை. முடிவு மேலிடத்தினுடையது” என்று எழுதினார். காவற்காரன் பொங்கிவிட்டான். மரித்தவர்களுக்கு உயிரோடிருப்பவர் செய்ய ஒன்றுமே இல்லை, அண்ணனாலும் ஆகாது, தம்பியாலும் ஆகாது, கணக்கு மூடியாயிற்று. பத்துக்குப் பூச்சியம்.

அண்ணன் என்ற சொல்லைப் பார்த்ததும் ஒற்றை விரல் எப்போதும் இல்லாத வேகத்தில் ஓடியது: “ஒன்றும் ஆகாது என்றால், கைக்குட்டையால் துடைக்க வேண்டிய அவசியம் என்ன வந்தது?”

அனுப்பியபின்தான் என்ன எழுதினோம் என்று உறைத்தது.

“பிள்ளை, போன கடிதத்தைத் திருப்பி எடுக்க ஏலுமோ? எங்கட ஒபீசில எண்டால் பியோனை ஓடவிட்டுப் பிடிப்பம்.”

“பியோன் அமெரிக்கா போய்ச் சேந்துட்டான், அங்கிள்.”

காவற்காரன் மறுநாள் எழுதவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. காவற்காரன் இல்லாத மன்றம் உப்பில்லாத கஞ்சியாக இருந்தது. விநாசித்தம்பி வேண்டுமென்றே மோசமான வாதங்களை எழுதிப் பார்த்தார். ஆதாம் யாழ்ப்பாணத்தான் என்று நிறுவ ஒரு பக்கம் எழுதினார். ஐடஹோக் கிழவி மட்டும் ரசித்தாள். மதிப்பெண் போட ஆள் இல்லை. காலையில் ஒருமுறை வந்தவர் சாயங்காலமும் வரத் தொடங்கினார். திருநீற்றை அழிக்க மறந்து உள்ளே வந்த நாட்களும் உண்டு. பதினாறு நாள்.

பதினேழாம் நாள் மாலை வீட்டு வாசலில் இரண்டு சைக்கிள்கள் வந்து நின்றன. வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டி. ஒருவன் அமெரிக்கன், மற்றவன் மலேசியாவின் சரவாக் மாநிலத்தைச் சேர்ந்தவன். இருவருக்கும் மீசை சரியாக அரும்பவில்லை. பட்டியில் மொர்மன் சபையின் பெயரும், அதன் ஊழியக்காரருக்குரிய ‘மூப்பர்’ என்ற பட்டமும் போட்டிருந்தது.

“சகோதரர் யாத்ரீகனைப் பார்க்க வந்தோம்” என்றான் அமெரிக்கன் ஆங்கிலத்தில்.

விநாசித்தம்பி அப்போது சாய்வு நாற்காலியில் வெற்று மார்போடு, நெற்றி, மார்பு, புஜம் எல்லாம் பூசிய திருநீற்றோடு, கையில் கோப்பையோடு இருந்தார். கோப்பையில் தேநீர். அதைக் கீழே வைக்கவா, பின்னால் மறைக்கவா என்று தடுமாறியதில் பாதி வேட்டியில் போயிற்று.

நல்லம்மா விருந்தாளிகளுக்கும் இரண்டு கோப்பை கொண்டுவந்து நீட்டினாள். அவர்கள் மிகப் பணிவாகக் கைகூப்பி மறுத்தார்கள். அவள் முகம் சுருங்கிவிட்டது.

“ஏன், எங்கட வீட்டுத் தேத்தண்ணி குடிக்கமாட்டினமோ?”

“அவையள் தேத்தண்ணி குடிக்கக் கூடாது.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“எனக்கும்தான் கூடாது” என்றார் விநாசித்தம்பி மெல்ல.

“உங்களுக்கோ? விடியத் துவங்கி இது ஆறாவது!”

தமிழ் தெரியாத மூப்பர்கள், குடும்பம் பிரார்த்தனை செய்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் ரோஸ் சிரப் கலந்து கொடுத்தாயிற்று. உளுந்து வடையும் வந்தது. ஒன்றரை மணி நேரம் இருந்தார்கள். சரவாக் பையன் மூன்றாவது வடையைத் தொட்டபோது நல்லம்மா அவர்கள் மதத்தை மன்னித்துவிட்டாள். தங்கள் வீட்டை யார் காட்டிக்கொடுத்தது என்று கேட்டதற்கு, “உங்கள் மேல் அக்கறை உள்ள ஒருவர்” என்பதற்கு மேல் அவர்கள் சொல்லவில்லை.

“எல்லாம் அந்த ஐடஹோக் கிழவியின்ர வேலை” என்று மறுநாள் கடையில் புலம்பினார். “உருளைக்கிழங்கோட நிண்டிருக்கலாம்.” நூர் பீவி தலையைத் தூக்காமல் கல்லாப் பக்கம் எதையோ தேடினாள்.

புலம்பலோடு புலம்பலாக, மூப்பர்கள் வந்த கதையை மன்றத்தில் எழுதினார், ஆறு கோப்பைத் தேநீரை மட்டும் விட்டுவிட்டு. ஒரு மணி நேரம் முடிவதற்குள் கீழே ஒரு பதில் வந்து விழுந்தது. “வர்ணனை நன்று. ஆனால் ஏதோ ஒரு பானத்தை மறைப்பதாகத் தோன்றுகிறது. பத்துக்கு நாலு. காவற்காரன்.”

“வந்திட்டான்!” ஆறு துப்பாக்கிகளும் ஒரு கணம் நின்றன. விநாசித்தம்பி எழுந்து நின்று திரையைக் காட்டினார். “கண்டியோ பிள்ளை! கைக்குட்டை எண்டு எழுதியும் பிடிபடேல்லை. பள்ளிக்கூடம் நடத்தினவனுக்கு மூளை அவ்வளவுதான்!” அன்றைக்கு நாலு மார்க்குக்கு அவர் வாங்கிக்கொண்ட சந்தோஷம் கொஞ்சமல்ல. போகும்போது மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்.

நூர் பீவி விஷயத்தைச் சொன்னது பல மாதம் கழித்து. அதுவும் அவரிடம் அல்ல, நல்லம்மாவிடம். அன்று மூப்பர்கள் இருவரும் முதலில் அவள் கடையில்தான் வழி கேட்டு நின்றார்கள். கையில் ஓர் அட்டை. யாரையாவது போய்ச் சந்திக்கும்படி சபைக்குப் பரிந்துரைக்கும் அட்டை அது. பெயர், அடைப்புக்குறிக்குள் ‘சகோதரர் யாத்ரீகன்’, முகவரி எல்லாம் அழகான ஆங்கிலக் கையெழுத்தில் இருந்தன. அனுப்பியவர்: தியாகராஜா, பட்டர்வொர்த். ஒரே ஓர் இடம்தான் அவர்களுக்குப் புரியவில்லை. படித்துச் சொல்லும்படி அவளிடம் நீட்டினார்கள். உங்களுக்கு இவர் என்ன உறவு என்று கேட்டிருந்த கட்டத்தில் முதலில் ஆங்கிலத்தில் ‘தெரிந்தவர்’ என்று எழுதி, அளவுகோல் வைத்து நேராக ஒரு கோடு போட்டு அடித்திருந்தது. அதற்கு மேலே, தமிழில்: மச்சான்.