நாடு: ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும்

பிளெய்ன்ஸ்பரோ என்ற இந்த அமெரிக்க ஊரில் எங்களுக்குக் கீழ் வீட்டில் இருப்பவர் ஒரு போலந்து ஆன்ட்டி. நூலகத்தில் நடக்கவிருந்த 'எங்கள் பெற்றோர்' புகைப்படக் கண்காட்சிக்கு, சும்மா இருக்க முடியாமல் நான்தான் ஆன்லைன் படிவம் செய்து கொடுத்தேன். பெயர், ஊர், நாடு. நாட்டுக்கு ஒரு பட்டியல். ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். என் இருபது வருட ஐ.டி. அனுபவத்தின் சாரம் அது.

ஆன்ட்டி தன் அப்பாவின் படத்தோடு வந்தார். நிரப்ப உட்கார்ந்தேன்.

"எந்த நாடு ஆன்ட்டி?"

"எந்த வருஷம்?"

அவர் அப்பா பிறந்தபோது ஊர் ரஷ்யப் பேரரசில் இருந்தது. பள்ளிக்கூடம் போனது போலந்தில். கல்யாணம் சோவியத்தில். பிறகு ஜெர்மானியர்கள். மறுபடி போலந்து.

"வீடு மாறவே இல்லையா?"

"கூரையை ஒரு தடவை மாத்தினார்."

ஒரே தெருவில் கத்தோலிக்கக் கோயில், ஆர்த்தடாக்ஸ் கோயில், யூதர்களின் ஜெபக்கூடம். பக்கத்து ஊரில் தாத்தார் முஸ்லிம்களின் மசூதி. அப்பா நான்கு மொழிகளில் குதிரைக்கு விலை பேசுவாராம். போரில் ஜெர்மானியர்கள் யூதர்களைக் கொண்டுபோய்க் கொன்றார்கள். பாதித் தெரு காலியானது.

"கணக்கெடுக்க வந்தவன் 'நீ யாரு'ன்னு கேட்டா, அப்பா 'துத்தெய்ஷி'ன்னுதான் சொல்வார். இங்கத்தவன். அதைப் போடு."

பட்டியலில் அது இல்லை. பிறகு திருத்தலாம் என்று முதலில் இருந்ததைத் தொட்டு அனுப்பினேன். மறந்தேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள், நூலகத்தில் ஆன்ட்டியின் அப்பா படத்தின் கீழே அட்டை: ஆப்கானிஸ்தான்.

"அங்கே மட்டும் அவர் போனதில்லை," என்றார் ஆன்ட்டி. "படத்தைக் கொடுத்துடு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"ஆபீஸ்லதான் புரோகிராம்ல பக் வைக்கிறீங்க, அக்கம்பக்கத்துக்குமா?" என்றாள் கூட வந்த மனைவி.

ஐந்து ஆட்சிகள் வந்தும் பெயர்க்க முடியாத மனிதரை என் பட்டியல் பெயர்த்துவிடக் கூடாது. "நாளைக் காலை வரைக்கும் டைம் கொடுங்க ஆன்ட்டி," என்றேன். பட்டியலைத் தூக்கிவிட்டு வெறும் கட்டம் வைப்பது பத்து நிமிட வேலை. எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. நடுவில் ஒருமுறை படிவமே காணாமல் போனது. கடைசியில் ஆன்ட்டியே 'துத்தெய்ஷி, இங்கத்தவர்' என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். நூலகத்தில் கெஞ்சிப் புது அட்டை வாங்கினேன்.

மறுநாள் காலை ஒரு பெண் அட்டையைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "இங்கத்தவர்னா, பிளெய்ன்ஸ்பரோக்காரரா?"

விளக்க வாய் திறந்தேன். ஆன்ட்டி என் கையைத் தட்டினார்.

"நீ திரும்பவும் தப்பாச் சொல்லுவே," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். "அப்பா பொறந்தப்போ, ரஷ்யாவில ஒரு ராஜா இருந்தார்."