மார்கழியில் பதிவுக்குப் போன பேட்டரி ஆட்டோ

காலை 6.00, மூலனூர். மீட்டரில் 72 சதவீதம். ராத்திரி சார்ஜில் இருந்தபோது இரண்டு தடவை கரண்ட் போனது எனக்குத் தெரியவில்லை. திருப்பூருக்கு ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர்.

பேட்டரி சரக்கு ஆட்டோவுக்குச் சாலைவரி கிடையாது என்று எங்கள் வீட்டில் படித்துச் சொன்னவன் நான்தான். எனக்கு முன் எங்களில் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. என் பேச்சை நம்பி, பனியன் கம்பெனியில் தைத்துச் சேர்த்ததையெல்லாம் அப்பா இதில் போட்டார். கார்த்திகைக் கடைசியில் தற்காலிக எண்ணோடு வண்டி வந்தது. நிரந்தரப் பதிவு செய்வதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. தையில் பதியலாம் என்று அப்பா வண்டியைச் சொந்த ஊரான மூலனூரில் நிறுத்திவிட்டார். நாங்கள் குடியிருக்கும் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் நிறுத்த இடமில்லை. வரிச் சலுகையோ டிசம்பரோடு முடிகிறது. நீட்டிப்பார்களா என்று கேட்ட இடத்திலெல்லாம் தெரியாது என்றார்கள். இன்று டிசம்பர் முப்பத்தொன்று.

7.40, அவிநாசிபாளையம். 14 சதவீதம். தாராபுரம் தாண்டியதிலிருந்து, ஓட்டிக்கொண்டே நான் ரோட்டைவிட மீட்டரைத்தான் அதிகம் பார்த்தேன்.

"மாசமும் சரியில்ல, கரண்டும் சரியில்ல. திரும்பீரலாம் கண்ணு," என்றார் அப்பா.

"திரும்பறதுக்கும் சார்ஜ் வேணுமுங்கப்பா."

ஒரு பேக்கரியில் கெஞ்சி, ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து பிளக்கில் வயரைச் சொருகினோம். "உங்களுக்கு டீ குடுத்தர்றேன். வண்டிக்குப் பன்னு கின்னு வேணுங்களா?" என்றார் கடைக்காரர். இரண்டு டீ முப்பது ரூபாய், ஒரு மணி நேரக் கரண்டுக்கு அறுபது.

10.20, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். எங்களைப் போலவே கடைசி நாளுக்கு வந்த வண்டிகள் வாசல் வரை நின்றன. பன்னிரண்டரைக்கு எங்கள் முறை. ஆய்வாளர் குனிந்து, அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணைத் தேடினார். அந்த இடம் முழுக்கச் சந்தனமும் மஞ்சளும் காய்ந்து கெட்டியாக இருந்தது. நான் எழுவதற்கு முன்பே அப்பா பூசியிருக்கிறார்.

"நம்பரே தெரியலைன்னா எதைங்க பதியறது? தொடைச்சுட்டுக் கூப்பிடுங்க," என்று அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

நான் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். "காப்புக்குப் பூசினது கண்ணு. இந்த மாசத்துல போயி அழிக்கறதா?"

என் கையில் வரி விலக்கு ஆணையின் நகல் இருந்தது. அவர் கேட்டதற்கு அதில் ஒரு வரிகூடப் பதில் இல்லை.

அப்பா என் மணிக்கட்டை விட்டார். பிறகு தோள்துண்டை நனைத்துக்கொண்டு வண்டிக்கடியில் குனிந்தார். "நான் பூசுனத நானே அழிச்சர்றேன். உங் கை பட வேண்டாம்."

மாலை 4.10. ரசீது கிடைத்தது. வரி என்ற இடத்தில் பூஜ்யம். கேட்டைத் தாண்டும்போது அப்பாவிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. எதிரே வந்த லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நான் ஆக்சிலரேட்டரை முறுக்கவில்லை. தை பிறக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.